என்.ஏ.பி.எல்.-ஐ யார் கண்காணிக்கிறார்கள்? ஆய்வக அங்கீகாரமும் அரசின் மேற்பார்வையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோயம்புத்தூர் பக்கம், தண்ணீரும் உணவுப் பொருளும் சோதிக்கும் ஒரு தனியார் ஆய்வகத்தில் தர மேலாளராகப் பல வருடமாக வேலை பார்க்கிறேன். போர்வெல் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து வரும் வீட்டுக்காரர், எண்ணெய் மில் முதலாளி, டெண்டர் எழுதும் அலுவலக எழுத்தர், சொந்தமாக லேப் தொடங்க நினைக்கும் பட்டதாரி என்று யார் வந்தாலும், பேச்சு சுற்றிச் சுற்றி ஒரே இடத்தில்தான் வந்து நிற்கிறது. ஆய்வகங்களுக்கு என்.ஏ.பி.எல். அங்கீகாரத்தைக் கொடுப்பவர்களை யார் பார்த்துக்கொள்கிறார்கள்? அரசாங்கமா, வேறு யாராவதா?

நியாயமான கேள்வி. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருந்ததை இங்கே ஒன்றாக எழுதியிருக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

1. ரிப்போர்ட்டில் என்.ஏ.பி.எல். முத்திரை இருந்தால், அரசாங்கம் பார்த்துச் சரி என்று சொன்னதாக அர்த்தமா?

இல்லை. உங்கள் கையில் இருக்கும் அந்த ரிப்போர்ட்டை அரசாங்கமும் பார்க்கவில்லை, என்.ஏ.பி.எல்.-உம் பார்க்கவில்லை. பரிசோதனை, அளவுத்திருத்த ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியத்தைத்தான் சுருக்கமாக என்.ஏ.பி.எல். என்கிறோம். ஓர் ஆய்வகத்துக்குக் குறிப்பிட்ட சோதனைகளைச் சரியாகச் செய்யும் திறமை இருக்கிறதா என்று நேரில் போய்ப் பார்த்து, இருந்தால் அங்கீகாரம் கொடுப்பது அதன் வேலை. சோதனை ஆய்வகங்களையும் கருவிகளின் அளவைச் சரிபார்க்கும் ஆய்வகங்களையும் ஐ.எஸ்.ஓ. 17025 என்ற சர்வதேசத் தரத்தை வைத்துப் பார்ப்பார்கள். ரத்தம், சிறுநீர் சோதிக்கும் மருத்துவ ஆய்வகங்களுக்கு ஐ.எஸ்.ஓ. 15189.

இதில் ‘குறிப்பிட்ட சோதனைகள்’ என்பதுதான் முக்கியம். அங்கீகாரம் ஒட்டுமொத்தக் கட்டடத்துக்கும் கிடைப்பதில்லை. எந்தப் பொருளில், எதை, எந்த முறையில், எந்த அளவு வரை சோதிக்கலாம் என்று ஒரு பட்டியல் போட்டுத் தருவார்கள். ‘ஸ்கோப்’ என்று சொல்வது அதைத்தான். தண்ணீரில் புளோரைடு பார்க்க அங்கீகாரம் வாங்கிய லேப்புக்கு, அதே தண்ணீரில் பூச்சிமருந்து எச்சம் பார்க்க அங்கீகாரம் இல்லாமல் இருக்கலாம்.

2. அப்போ லைசென்ஸும் இதுவும் ஒன்றில்லையா?

இரண்டும் வேறு. லைசென்ஸ் என்பது தொழில் செய்யச் சட்டம் தரும் அனுமதி. தமிழ்நாட்டில் ரத்தப் பரிசோதனை நிலையம் நடத்துகிறவர், 1997-ஆம் ஆண்டின் மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தில் பதிவு செய்தாக வேண்டும். அது மாநில அரசின் வேலை. என்.ஏ.பி.எல். அங்கீகாரமோ ஆய்வகம் தானாக விரும்பி விண்ணப்பித்துப் பெறுவது. ஏதாவது ஒரு கட்டுப்பாட்டு அமைப்பு ‘எங்களுக்கு வேலை செய்ய அங்கீகாரம் கட்டாயம்’ என்று கேட்கும்போது, விருப்பம் கட்டாயமாகி விடுகிறது. குழப்பம் தொடங்குவதும் அங்கேதான்.

3. என்.ஏ.பி.எல். அரசுத் துறையா, தனியார் கம்பெனியா?

இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. மத்திய அரசின் அறிவியல், தொழில்நுட்பத் துறை 1982-இல் ஒரு திட்டமாக இதைத் தொடங்கியது. 1993-இல் என்.ஏ.பி.எல். என்ற பெயர் வந்தது. 1998-இல் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் தன்னாட்சி அமைப்பாகப் பதிவானது. 2016-இல் இந்தியத் தரக் கவுன்சில், அதாவது கியூ.சி.ஐ.-யோடு இணைந்து, இன்று அதன் வாரியங்களில் ஒன்றாக இருக்கிறது. அலுவலகம் குருகிராமில்.

கியூ.சி.ஐ.-யின் கதையும் தெரிந்தால்தான் படம் முழுமையாகும். மத்திய அரசும் அசோசெம், சி.ஐ.ஐ., ஃபிக்கி ஆகிய மூன்று தொழில் கூட்டமைப்புகளும் சேர்ந்து 1997-இல் அதை உருவாக்கின. அதுவும் சங்கமாகப் பதிவானதுதான். லாப நோக்கம் கிடையாது. மருத்துவமனைகளுக்கு அங்கீகாரம் தரும் என்.ஏ.பி.எச்.-உம் இதே குடையின் கீழ்தான் வருகிறது. ஆக, அரசு கூட இருந்து உருவாக்கிய, ஆனால் அரசுத் துறையாக இல்லாத அமைப்பு. ‘கவர்ன்மென்ட் ஆபீஸ்’ என்று நினைத்து வருகிறவரும் ஏமாறுவார், ‘தனியார் கம்பெனிதானே’ என்று அலட்சியமாக வருகிறவரும் ஏமாறுவார்.

4. சங்கமாகப் பதிவான அமைப்பு என்கிறீர்கள். அப்புறம் எப்படி அதன் பெயர் சட்டத்திலேயே இருக்கிறது?

நல்ல கேள்வி, பலர் கவனிக்காததும்கூட. உணவுப் பாதுகாப்பு, தரங்கள் சட்டம் 2006-இன் 43-ஆம் பிரிவைப் பாருங்கள். என்.ஏ.பி.எல். அல்லது வேறு அங்கீகார நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற ஆய்வகங்களை, மாதிரிகளைப் பகுப்பாய்வு செய்ய உணவு ஆணையம் அறிவிக்கலாம் என்று இருக்கிறது. நாடாளுமன்றம் என்.ஏ.பி.எல்.-ஐ உருவாக்கவில்லை. ஆனால் அதன் பெயரைச் சட்டத்தில் எழுதி, அதன் முடிவுக்குச் சட்ட விளைவு கொடுத்திருக்கிறது.

கொரோனா காலத்தில் இதன் எடை எல்லாருக்கும் தெரிய வந்தது. 2020 ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றம், கொரோனா சோதனைகளை என்.ஏ.பி.எல். அங்கீகாரம் பெற்ற ஆய்வகங்களிலோ, உலக சுகாதார நிறுவனம் அல்லது ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) ஒப்புதல் பெற்ற அமைப்புகளிலோதான் செய்ய வேண்டும் என்று உத்தரவிட்டது. அதுவரை அந்தப் பெயரையே கேள்விப்படாதவர்கள்கூட லேப் வாசலில் நின்று ‘என்.ஏ.பி.எல். இருக்கா?’ என்று கேட்டார்கள்.

இவ்வளவு அதிகாரம் ஓர் அமைப்பின் கையில் சேரும்போது, அதன் மேல் யார் கண் இருக்கிறது என்று மக்கள் கேட்பது அவர்களுடைய உரிமை. தர மேலாளர்களான எங்களில் சிலருக்கு இந்தக் கேள்வி எரிச்சலாக இருக்கிறது. எனக்கு இல்லை.

5. சரி, மேலே யார்தான் பார்க்கிறார்கள்? ஒரு ஆபீஸ் பெயர் சொல்லுங்கள், போதும்.

ஒரே பெயரில் முடியாது, மன்னிக்கவும். நிர்வாகக் கோட்டில் மேலே போனால், என்.ஏ.பி.எல்.-க்குத் தனி வாரியம் இருக்கிறது. அதற்கு மேல் கியூ.சி.ஐ.யின் நிர்வாகக் குழு, அதில் அரசின் பிரதிநிதிகளும் தொழில்துறைப் பிரதிநிதிகளும் உட்காருகிறார்கள். கியூ.சி.ஐ.-க்கான மத்திய அரசின் தொடர்புத் துறை, வணிகம், தொழில் அமைச்சகத்தில் உள்ள தொழில் மற்றும் உள்நாட்டு வர்த்தக மேம்பாட்டுத் துறை. இவர்களைப் பற்றி நாடாளுமன்றத்தில் கேள்வி எழுந்தால் அந்த அமைச்சகம்தான் பதில் சொல்கிறது.

இதற்குப் பக்கவாட்டில் இரண்டு கண்கள் உண்டு. ஒன்று, அங்கீகாரத்தைப் பயன்படுத்துகிற எப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (மேலே சொன்ன உணவு ஆணையம்), பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) போன்ற அமைப்புகள். இவை என்.ஏ.பி.எல். சான்றிதழைப் பார்த்த பிறகும், தங்கள் சொந்த நிபந்தனைகளை வைத்துத்தான் ஆய்வகத்தை ஏற்கின்றன. இன்னொன்று வெளிநாட்டு அங்கீகார அமைப்புகளின் சக மதிப்பீடு. தொழில்நுட்ப ரீதியில் அதுதான் எல்லாவற்றிலும் கண்டிப்பானது. அதை 11-ஆம் கேள்வியில் சொல்கிறேன்.

6. கியூ.சி.ஐ. தலைவரைப் பிரதமரே நியமிக்கிறாராமே! அப்போ அது அரசாங்கம்தானே?

தொழில்துறை பரிந்துரைக்க, பிரதமர் நியமிக்கிறார் என்பது உண்மை. ஆனால் தலைவரை நியமிப்பதும், கரூரில் இருக்கும் ஒரு லேப்புக்கு அங்கீகாரம் தரலாமா என்று முடிவெடுப்பதும் ஒன்றல்ல. முதல் வகை அமைப்பை நடத்துவது: தலைமை, கணக்கு, கொள்கை, புகார் வழி. இரண்டாவது வகை தொழில்நுட்பத் தீர்ப்பு.

அரசின் மேற்பார்வை முதல் வகையில் எவ்வளவு அழுத்தமாக இருந்தாலும் நல்லது. இரண்டாவது வகைக்குள் ஒரு விரல்கூட வரக் கூடாது. இந்தப் பக்கத்தில் இருக்கும் பாதிக் கேள்விகளுக்கு இந்தக் கோடுதான் பதில்.

7. எங்கள் லேப்புக்கு அங்கீகாரம் தரவில்லை. அமைச்சகத்துக்கு எழுதினால் கொடுக்கச் சொல்வார்களா?

சொல்ல மாட்டார்கள். சொன்னால் அன்றைக்கே எல்லாருடைய சான்றிதழும் மதிப்பிழந்து போகும். அங்கீகார அமைப்புகளுக்கென்றே ஐ.எஸ்.ஓ. 17011 என்று ஒரு தரம் இருக்கிறது. அங்கீகார அமைப்பு பாரபட்சமில்லாமல் நடக்க வேண்டும், ஆய்வகத்தை நேரில் மதிப்பிட்டவர்களே இறுதி முடிவையும் எடுக்கக் கூடாது, முடிவை எதிர்த்து மேல்முறையீடு செய்ய வழி இருக்க வேண்டும் என்றெல்லாம் அது கேட்கிறது. உங்களுக்கான வழி அந்த மேல்முறையீடு.

எங்கள் லேப்பிலேயே நடந்ததைச் சொல்கிறேன். ஒரு மதிப்பீட்டின்போது நுண்ணுயிர்ப் பிரிவின் இன்குபேட்டரில் மேல் தட்டுக்கும் கீழ்த் தட்டுக்கும் ஒன்றரை டிகிரி வித்தியாசம் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். நாங்கள் நடுத்தட்டில் மட்டும் வெப்பமானி வைத்து வருடக்கணக்கில் பதிவு எழுதி வந்திருந்தோம். என்.சி. எழுதினார்கள், அதாவது விதிக்கு ஒத்துவராத குறை என்று பதிவு செய்தார்கள். முதலாளிக்குக் கோபம். டெல்லியில் தெரிந்தவர் இருக்கிறார், பேசிப் பார்க்கலாம் என்றார். இரண்டு நாள் உட்கார்ந்து பேசி அவரைத் தடுத்தேன். இன்குபேட்டரைச் சரி செய்து, எல்லாத் தட்டிலும் வெப்பநிலையை அளந்து, பழைய முடிவுகளில் எது பாதிக்கப்பட்டிருக்கும் என்று தோண்டிப் பார்த்து, ஆதாரத்தோடு பதில் அனுப்பினோம். குறை மூடப்பட்டது. அன்றைக்குச் சிபாரிசு வேலை செய்திருந்தால், இன்னும் அந்த இன்குபேட்டரில்தான் ஊர்க் குடிதண்ணீரின் கிருமிச் சோதனை நடந்துகொண்டிருக்கும்.

8. அரசு லேப்களுக்கும் இதே விதிதானா? அவர்களை யார் கேட்கப் போகிறார்கள்?

அங்கீகாரம் வேண்டுமென்றால் அரசு லேப்பும் அதே ஐ.எஸ்.ஓ. 17025-ஐத்தான் பின்பற்ற வேண்டும். அவர்களுக்கென்று லேசான பதிப்பு எதுவும் கிடையாது. சிக்கல், பல அரசு லேப்கள் நெடுங்காலம் அங்கீகாரமே பெறாமல் இருந்ததுதான். உணவுப் பாதுகாப்புச் சட்டம் எப்படிச் செயல்படுகிறது என்று ஆராய்ந்து மத்திய தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2017-இல் ஓர் அறிக்கை தந்தார். மாதிரிகள் அனுப்பப்படும் 72 மாநில உணவு ஆய்வகங்களில் 65-க்கு என்.ஏ.பி.எல். அங்கீகாரம் இல்லை என்று அதில் இருந்தது. சட்டம் வந்து பத்து வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. தனியார் கடைக்காரர் மேல் வழக்குப் போட அரசு நம்பியிருந்த லேப்களே, அரசுச் சட்டம் கேட்ட தகுதி இல்லாமல் இருந்தன. அதற்குப் பிறகு பல மாநிலங்களில் நிலைமை மாறி வருகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இதன் விலை என்ன என்பதற்கு 2015-இன் மேகி நூடுல்ஸ் வழக்கைப் பாருங்கள். ஈயம் அதிகம் என்று நாடு முழுக்கத் தடை வந்தது. பம்பாய் உயர் நீதிமன்றம் அந்த ஆகஸ்டில் தடையை ரத்து செய்தது. நிறுவனத்தின் தரப்பை முறையாகக் கேட்கவில்லை என்பது ஒரு காரணம். சோதனை நடந்த ஆய்வகங்களுக்குச் சட்டம் கேட்ட அங்கீகாரம், அதிலும் ஈயம் சோதிப்பதற்கான அங்கீகாரம் இல்லை என்பது மற்றொன்று. மொஹாலி, ஹைதராபாத், ஜெய்ப்பூரில் அங்கீகாரம் பெற்ற மூன்று ஆய்வகங்களில் மறுபடி சோதிக்கச் சொன்னது. அந்த முடிவுகளில் ஈயம் வரம்புக்குள்தான் இருந்தது. முதலில் வந்த எண் சரியா, பின்னால் வந்தது சரியா என்று இன்றும் டீக்கடையில் வாதாடுகிறார்கள். முதல் சோதனையே தகுதியுள்ள இடத்தில் நடந்திருந்தால் வாதத்துக்கு இடமே இருந்திருக்காது.

இன்னொரு விஷயம். அரசே நூற்றுக்கணக்கான ஆய்வகங்களின் உரிமையாளர். அந்த உரிமையாளர் கையிலேயே அங்கீகார முடிவும் இருந்தால் என்ன ஆகும்? 6-ஆம் கேள்வியில் சொன்ன கோடு ஏன் தேவை என்பதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.

9. லேப்பிடமே பணம் வாங்கிக்கொண்டு, அதே லேப்பை எப்படி நேர்மையாக மதிப்பிட முடியும்?

என்னிடம் வந்த கேள்விகளிலேயே கூர்மையானது இது. மழுப்ப விரும்பவில்லை. விண்ணப்பக் கட்டணம், ஆண்டுக் கட்டணம், மதிப்பீட்டுச் செலவு எல்லாவற்றையும் லேப்தான் கட்டுகிறது. அங்கீகாரம் பெற்ற லேப்கள் பெருகினால் வருமானமும் பெருகும். ஆபத்து இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

இதற்குப் போட்டிருக்கும் வேலிகள் என்ன? ஐ.எஸ்.ஓ. 17011-இன்படி, அங்கீகாரம் தரும் அமைப்பு தானே சோதனைத் தொழில் செய்யக் கூடாது. அங்கீகாரம் வாங்க ஆலோசனை சொல்லிக் காசு பார்க்கவும் கூடாது. கட்டணம், முடிவு என்னவாக இருந்தாலும் கட்ட வேண்டியது. அங்கீகாரம் மறுத்தால் கட்டணம் திரும்ப வராது, கொடுத்தால் அதிகமாகாது. அதற்கு மேல் பி.டி. என்கிற திறன் சோதனை இருக்கிறது. ஒரே மாதிரியான சாம்பிளைப் பல லேப்களுக்கு அனுப்புவார்கள், எங்களுக்குச் சரியான விடை தெரியாது. எல்லாருடைய முடிவையும் ஒப்பிட்டு, எங்கள் முடிவு எவ்வளவு விலகியிருக்கிறது என்று காட்டும் இசட் மதிப்பெண் போடுவார்கள். அது 2-க்குள் இருந்தால் நிம்மதி. 2-க்கும் 3-க்கும் நடுவில் என்றால் சந்தேகம். 3-ஐத் தொட்டுவிட்டால் தோல்வி, காரணம் கண்டுபிடித்து எழுத வேண்டும். கட்டணம் கட்டியவர் யார் என்று அந்த எண்ணுக்குத் தெரியாது.

முழுக்க அரசுப் பணத்தில் நடத்தினால் சரியாகிவிடுமா என்று கேட்பார்கள். அப்போது லேப்பின் மனம் கோணக் கூடாதே என்ற கவலை போய், நிதி தரும் துறையின் மனம் கோணக் கூடாதே என்ற கவலை வரும். பணம் எங்கிருந்து வந்தாலும், கணக்கும் முடிவுகளும் வெளியே தெரிய வேண்டும். எத்தனை விண்ணப்பம் வந்தது, எத்தனை மறுக்கப்பட்டது, எத்தனை இடைநிறுத்தப்பட்டது என்று அரசு வருடா வருடம் கேட்டு வாங்கி மக்கள் முன் வைப்பது நல்ல மேற்பார்வை என்பேன்.

10. சோதிக்க வருகிறவர்கள் வேறு லேப்பில் வேலை செய்கிறவர்கள்தானே? போட்டிக்காரன் வந்து பார்ப்பது நியாயமா?

மதிப்பீட்டாளர்கள் அரசு ஆராய்ச்சி நிலையம், கல்லூரி, தனியார் ஆய்வகம் என்று பல இடங்களிலிருந்து வருவார்கள். அந்தச் சோதனையைத் தன் கையால் செய்து பழகியவருக்குத்தான் எங்கே தப்பு ஒளிந்திருக்கும் என்று தெரியும். வருகிறவர்களின் பெயரை முன்கூட்டியே உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்பது விதி. தொழில் முரண்பாடு இருந்தால் காரணம் சொல்லி மாற்றச் சொல்லலாம். பயந்துகொண்டு யாரும் சொல்வதில்லை. தாராளமாகச் சொல்லுங்கள்.

11. என்.ஏ.பி.எல்.-ஐயே யார் பரிசோதிப்பது?

வெளிநாட்டு அங்கீகார அமைப்புகள். ஐலாக் என்ற சர்வதேச ஆய்வக அங்கீகாரக் கூட்டமைப்பில் 2000-ஆம் ஆண்டு ஒரு பரஸ்பர ஏற்பு ஒப்பந்தம் கையெழுத்தானது. தொடக்கத்திலிருந்தே என்.ஏ.பி.எல். அதில் இருக்கிறது. ஆசிய-பசிபிக் பகுதிக்கு அபாக் என்ற பிராந்திய அமைப்பு உண்டு. நான்கு வருடத்துக்கு ஒருமுறை பிற நாட்டு மதிப்பீட்டாளர்கள் குழுவாக வந்து, என்.ஏ.பி.எல். அலுவலகத்தில் கோப்புகளைப் பார்ப்பார்கள். என்.ஏ.பி.எல். ஆட்கள் ஒரு லேப்பை மதிப்பிடும்போது பின்னால் நின்றும் பார்ப்பார்கள். குறை இருந்தால் இவர்களுக்கும் என்.சி. தான்.

இதில் தேறாவிட்டால் ஒப்பந்தத்தில் இடம் போகும். அதன் அடி நேராகத் திருப்பூரில் விழும். பின்னலாடைத் துணியில் தடை செய்யப்பட்ட அசோ சாயம் இல்லை என்று இங்கே கொடுத்த ரிப்போர்ட்டை ஜெர்மனியில் ஏற்கிறார்கள் என்றால், அதன் பின்னால் இருக்கும் நம்பிக்கைக்கு அடிப்படை இந்த ஒப்பந்தம்தான். அரசியல் அழுத்தத்தில் ஒரு முடிவு மாறியது என்று சக மதிப்பீட்டாளர்கள் கண்டுபிடித்தால், அதுவும் பெரிய குறைதான். ஆகவே இந்த வெளிக் கண், என்.ஏ.பி.எல்.-ஐ நம் அரசிடமிருந்தும் கொஞ்சம் காப்பாற்றுகிறது.

12. மற்ற நாடுகளில் எப்படி?

ஒரே மாதிரி இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 765/2008 என்ற ஒழுங்குமுறைப்படி ஒரு நாட்டுக்கு ஒரே தேசிய அங்கீகார அமைப்புதான். லாபம் பார்க்கக் கூடாது. ஜெர்மனியில் அது ஒரு கம்பெனி, ஆனால் பங்குகள் மத்திய அரசு, மாநிலங்கள், தொழில் கூட்டமைப்பு என்று மூன்றாகப் பிரிந்திருக்கின்றன. பிரிட்டனில் யூகாஸ் தனி நிறுவனம்தான், 2009-இல் வந்த விதிகளால் அரசு அதை ஒரே தேசிய அமைப்பாக நியமித்தது. அமெரிக்காவில் அரசு அமைப்பும் தனியார் அமைப்புகளும் அருகருகே நடக்கின்றன. இந்த வேலையை உலகில் முதலில் தொடங்கியது ஆஸ்திரேலியாவின் நாட்டா, 1947-இல்.

13. அப்போ நம் ஊரிலும் இதற்கென்று தனிச் சட்டம் போட்டால் நல்லதுதானே?

போடலாம் என்பதுதான் என் கருத்து, ஒரு நிபந்தனையோடு. இப்போது சட்டம் என்.ஏ.பி.எல். பெயரைச் சொல்கிறது, ஆனால் அதன் கடமை என்ன, தவறினால் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்வதில்லை. சங்கத்தின் விதிகளிலும் சர்வதேசத் தரத்திலும்தான் அவை இருக்கின்றன. மேல்முறையீட்டுக்குக் கால வரம்பு, நாடாளுமன்றத்தில் ஆண்டறிக்கை, போலி முத்திரைக்குத் தண்டனை ஆகியவை சட்டத்தில் இருந்தால் பொதுமக்களுக்குப் பலம்.

நிபந்தனை இதுதான். அந்தச் சட்டத்தில் ‘மத்திய அரசு கொடுக்கும் உத்தரவுகளுக்குக் கட்டுப்பட வேண்டும்’ என்று வழக்கமாகச் சேர்க்கிற ஒரு வரி வந்துவிடக் கூடாது. வந்தாலும், தனி ஆய்வகத்தைப் பற்றிய முடிவுக்கு அது பொருந்தாது என்று எழுதியே ஆக வேண்டும். அந்த விலக்கு இல்லாமல் வரும் சட்டத்தைவிட இப்போதிருக்கும் ஏற்பாடே மேல்.

14. அங்கீகாரம் பெற்ற லேப் தப்பான ரிப்போர்ட் கொடுத்திருக்கிறது. யாரிடம் போவது?

முதலில் அந்த லேப்பிடமே எழுத்தில் புகார் கொடுங்கள். புகாரைப் பதிவு செய்து விசாரித்துப் பதில் தர வேண்டியது ஐ.எஸ்.ஓ. 17025-இன்படி அதன் கடமை. பதில் வரவில்லை அல்லது ஏற்கும்படி இல்லை என்றால், ரிப்போர்ட் நகலும் நீங்கள் அனுப்பிய கடிதமும் சேர்த்து என்.ஏ.பி.எல்.-க்கு அனுப்புங்கள். லேப்பின் விளக்கத்தைக் கேட்பார்கள், தேவைப்பட்டால் நேரில் போவார்கள். ஸ்கோப்பைக் குறைப்பதிலிருந்து இடைநிறுத்தம், ரத்து வரை போகலாம்.

ஆனால் நஷ்டஈடு வாங்கித் தருவதும், தண்டிப்பதும் அவர்கள் வேலை இல்லை. நஷ்டஈட்டுக்கு நுகர்வோர் ஆணையம். உணவு அதிகாரி எடுத்த சாம்பிளின் முடிவில் சந்தேகம் என்றால், வழியே வேறு. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 46-ஆம் பிரிவில், பகுப்பாய்வாளர் அறிக்கையை எதிர்த்து நியமன அலுவலரிடம் மேல்முறையீடு செய்யலாம். அவர் ஏற்றால் சாம்பிள் மேல் ஆய்வகத்துக்குப் போகும். இதற்குக் கால வரம்பு உண்டு, தள்ளிப்போட வேண்டாம்.

15. என்.ஏ.பி.எல். மேலேயே புகார் என்றால்?

அவர்களிடமே முதலில் கொடுக்க வேண்டும். தன் மேல் வரும் புகாரையும் பதிவு செய்து விசாரிக்க வேண்டும் என்று 7-ஆம் கேள்வியில் சொன்ன அதே 17011 கட்டாயப்படுத்துகிறது. அங்கே தீராவிட்டால் கியூ.சி.ஐ. அதற்கும் மேல் என்றால் 5-ஆம் கேள்வியில் சொன்ன துறைக்கு எழுதலாம், மத்திய அரசின் பொதுக் குறைதீர்ப்பு இணையதளத்திலும் பதியலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்திலும் மனுப் போடலாம். எழுதும்போது ‘முடிவை மாற்றுங்கள்’ என்று கேட்காதீர்கள். ‘நடைமுறை மீறப்பட்டிருக்கிறது, இன்ன தேதியில், இன்ன விதி’ என்று எழுதுங்கள். அப்போதுதான் துறையால் ஏதாவது செய்ய முடியும்.

16. முத்திரை உண்மையா போலியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முத்திரைக்குப் பக்கத்தில் சான்றிதழ் எண் இருக்கும். சோதனை ஆய்வகம் என்றால் டி.சி., மருத்துவ ஆய்வகம் என்றால் எம்.சி., அளவுத்திருத்த ஆய்வகம் என்றால் சி.சி. என்று தொடங்கும். அந்த எண்ணை என்.ஏ.பி.எல். இணையதளத்தில் தேடுங்கள். பெயரும் முகவரியும் பொருந்துகிறதா, உங்கள் சோதனை ஸ்கோப்பில் இருக்கிறதா, சாம்பிள் கொடுத்த நாளில் அங்கீகாரம் உயிரோடு இருந்ததா என்று பாருங்கள். மருத்துவ லேப்களுக்குச் சங்கிலிக் கிளைகள் அதிகம். சாம்பிள் எடுக்கிற கிளையின் வாசலில் முத்திரை இருக்கும், சோதனை வேறு ஊரில் நடக்கும். எந்த முகவரியில் சோதித்தார்கள் என்று கேட்கத் தயங்காதீர்கள்.

17. நாங்கள் அரசு அலுவலகம். டெண்டரில் ‘என்.ஏ.பி.எல். லேப் ரிப்போர்ட் வேண்டும்’ என்று போட்டுவிடுகிறோம். போதாதா?

போதாது, ஐயா. மேற்பார்வை என்று எல்லாரும் டெல்லியைப் பார்க்கிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிய ஓட்டை இங்கேதான் தெரிகிறது. அந்த ஒரு வரியைப் போட்டதும் அலுவலகத்தில் எல்லாருக்கும் பொறுப்பு கழிந்த மாதிரி ஆகிவிடுகிறது. ஸ்கோப்பை யாரும் திறந்து பார்ப்பதில்லை. முத்திரை இருக்கும், கேட்ட சோதனைக்கு எதிரே மட்டும் நட்சத்திரக் குறி போட்டு, ‘இது அங்கீகாரத்துக்கு உட்பட்டதல்ல’ என்று கீழே சின்ன எழுத்தில் இருக்கும். அந்தத் தாளும் கோப்பில் போய்ச் சேரும்.

சாம்பிள் விஷயம் இன்னும் மோசம். ‘வாடிக்கையாளர் கொடுத்த மாதிரி’ என்று ரிப்போர்ட்டில் இருந்தால், ஒப்பந்தக்காரர் எதைக் கொடுத்தாரோ அதற்குத்தான் அந்த முடிவு. நீங்கள் போட்ட சிமெண்டுக்கோ, ஊருக்குப் போகும் தண்ணீருக்கோ அல்ல. சாம்பிளை உங்கள் ஆள் எடுக்க வேண்டும், முத்திரையிட்டு அனுப்ப வேண்டும். எப்போதாவது ஒருமுறை அதே சாம்பிளைப் பிரித்து இரண்டு லேப்களுக்கு அனுப்பிப் பாருங்கள். முடிவுகள் ரொம்ப விலகினால் என்.ஏ.பி.எல்.-க்கு எழுதுங்கள். ஒரு மதிப்பீட்டுக் குழு எங்கள் லேப்பில் இருப்பது ஒன்றிரண்டு நாள். உங்கள் கையில் வருடம் முழுக்க எங்கள் ரிப்போர்ட்டுகள் இருக்கின்றன. எங்களைக் கண்காணிக்க உங்களைவிட வசதியான ஆள் யாரும் இல்லை.

18. ஒரு லேப்பின் அங்கீகாரம் ரத்தாகிவிட்டது. அது முன்பு கொடுத்த ரிப்போர்ட் எல்லாம் செல்லாதா?

தானாகச் செல்லாமல் போவதில்லை. சோதனை நடந்த நாளில் அங்கீகாரம் இருந்ததா என்பதுதான் முதல் கேள்வி. கட்டணம் கட்டாததால் ரத்தானதும் உண்டு, லேப்பே விரும்பி விட்டுவிடுவதும் உண்டு. அவற்றால் பழைய முடிவுகளுக்குக் குறைவில்லை.

ரத்துக்குக் காரணம் எண்களைச் சோதிக்காமலே எழுதியது போன்ற மோசடி என்றால் கதை வேறு. அப்போது தேதியை மட்டும் பார்த்து நிம்மதி அடைய முடியாது. இடைநிறுத்தப்பட்ட, ரத்தான லேப்களின் விவரத்தை என்.ஏ.பி.எல். இணையதளத்தில் பார்க்கலாம். உங்கள் லேப் அதில் இருந்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். மிச்ச சாம்பிள் இருந்தால் வேறு லேப்பில் கொடுங்கள். குடிதண்ணீர் ரிப்போர்ட் என்றால் காரணம் வரும்வரை காத்திருக்காமல், அந்தக் கிணற்றிலிருந்து புதிதாகச் சாம்பிள் எடுத்துவிடுங்கள்.